கம்மாக்கரைத் தெரு வருகிற நாள்

மணக்காட்டூரில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் கம்மாக்கரைத் தெருவும் வரும். புறவழிச்சாலை போடுவதற்காக அந்தத் தெருவை இடித்துத் தள்ளி, கல்லையும் கதவையும் லாரியில் ஏற்றி, மேலே தார் ஊற்றி வெள்ளைக்கோடும் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது என்றாலும், ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் முதலில் தாரில் ஈரம் கசியும், பிறகு குழாய்கள் முளைக்கும், குழாயைச் சுற்றி சிமெண்டுத் தொட்டியும், தொட்டிக்குப் பின்னால் வாசலும், வாசலுக்குப் பின்னால் வீடும், கொடியில் காயப்போட்ட துணியோடும் முக்குப் பிள்ளையாரோடும் தெரு முழுசாக எழுந்து நிற்கும். தண்ணீர் நின்றால் அதுவும் போய்விடும்.

முதல்தடவை வந்தபோது நாமக்கல் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் பிரேக் போட்டு இறங்கி, நடுரோட்டில் சுவர் வைத்தவன் எவன் என்று கத்தினார். கொஞ்ச நாளில் லாரிக்காரர்கள் ரயில்வே கேட்டில் நிற்பது மாதிரி எஞ்சினை அணைத்துவிட்டு வெள்ளரிக்காய் வாங்கித் தின்னப் பழகிக்கொண்டார்கள். போலீஸ் இரண்டு தடுப்புகளைக் கொண்டுவந்து போட்டது. ஊருக்கு வெளியே பாறைக்குளம் குடியிருப்பில் மாற்றுவீடு வாங்கிப் போன தெருக்காரர்கள் குடமும் பழைய சாவியுமாக வந்து, அவரவர் வீட்டைத் திறந்து, அவரவர் குழாயில் பிடித்துக்கொண்டு, பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் மிச்சம் வைத்திருந்த பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருத்தி எப்போதோ தொலைத்த மூக்குத்தியை அடுப்படியில் கண்டெடுத்தாள். பூசாரி பிள்ளையாருக்குத் தண்ணீர் நாளில் மட்டும் பூசை என்று மாற்றிவைத்தார். தண்ணீர் நிற்கப்போகிறது என்று குழாய் இருமத் தொடங்கினால் யாராவது ஒருவர் விசில் ஊதுவார், எல்லோரும் சாலை ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். இப்படியாக ஊர் அதைப் பழகிக்கொண்டது, மழைக்காலத்தைப் பழகிக்கொள்வது போல.

பழகிக்கொள்ள முடியாதவள் கோமதி ஒருத்திதான். அவள் மணக்காட்டூர்க்காரியும் இல்லை. மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவள். ஊர் ஊராக நகராட்சிகள் தண்ணீர் திறந்துவிடுவதற்கு அவள் எழுதிக் கொடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஊரின் தெருப்பெயர்கள் வரிசையாக நிற்கும், பெயரை அழுத்தினால் அந்தத் தெருவின் வால்வு திறக்கும். புதுத்தெரு வந்தால் கோமதி பெயரைச் சேர்ப்பாள், போன தெருவை எடுப்பாள், சர்வரில் ஏற்றிவிடுவாள். அத்தோடு வேலை முடிந்தது என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தாள். பக்கத்தைத் திறந்தவர்கள் அதை மூடவே மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நேற்றுத் திறந்த பக்கம் நேற்றைய ஊரைத்தான் காட்டும். புதிய ஊரைப் பார்க்க வேண்டுமானால் மேலே வட்ட அம்பு போட்ட ரெஃப்ரெஷ் பொத்தானை ஒருதடவை அழுத்த வேண்டும், அவ்வளவுதான், அந்த ஒரு அழுத்தலை அழுத்தவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பிக்கவும் என்று மேலே ஒரு பட்டையைக் காட்டினாள், எல்லோரும் ஓரத்துப் பெருக்கல் குறியை அழுத்திப் பட்டையை மூடினார்கள். பெருக்கல் குறியை எடுத்தாள், பட்டை இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேலை பார்த்தார்கள். யாரும் தொடாத நேரம் பார்த்துப் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதினாள், டீ குடிக்கப் போன ஒருவர் பாதி எழுதி வைத்திருந்தது அழிந்துவிட்டதென்று போனில் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார். எழுதியதைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதுப்பிக்கும்படி மறுபடி எழுதினாள். இப்படியே ஒவ்வொரு ஊராக வழிக்கு வந்தது.

மணக்காட்டூர் மட்டும் வரவில்லை. அங்கே நீரேற்று நிலையத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தது, பட்டையையும் தானாகப் புதுப்பிப்பதையும் கோமதி எழுதுவதற்கு முன்பு. தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தெரியாத பக்கத்துக்கு, புதுப்பித்துக்கொள் என்று இங்கிருந்து சொல்லிக்கொடுக்க வழியே இல்லை. அதில் கம்மாக்கரைத் தெரு இருந்தது, பாறைக்குளம் இல்லை. வேறு கம்ப்யூட்டரில் புதிய பக்கத்தைத் திறக்கலாமே என்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வால்வைத் திருப்பி ஊரை நாசம் பண்ணிவிடக் கூடாது என்று முதலில் திறந்தவர் மூடும்வரை அதிகாரம் அவரிடமே இருக்கும்படி எழுதி வைத்திருந்ததும் கோமதிதான். ஒருநாள் ஆத்திரத்தில் சர்வரிலிருந்து அந்தப் பழைய பக்கத்துக்குப் பதில் கொடுப்பதையே நிறுத்திப் பார்த்தாள். ஊர் மொத்தத்துக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போய், காலிக்குடங்கள் பேருந்து நிலையத்தை மறித்தன. மேலாளர் ஹரிகுமார் திருப்பிக் கொடு, உடனே கொடு என்று அலறியதில் திருப்பிக் கொடுத்தாள். அதன்பின் அந்த ஒரே பக்கத்துக்காக பழைய நிரல் முழுவதையும் செத்துப்போகாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். தன் வேலையில் பாதி ஒரு பழங்கம்ப்யூட்டருக்குச் சோறு ஊட்டுவதிலேயே போகிறது என்று அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

பாறைக்குளத்துக் கவுன்சிலர் ரஹ்மத்நிஷா தினமும் போன் செய்தாள். அவள் கம்மாக்கரைத் தெருவில் வாழ்ந்தவள் இல்லை, பிறகு பாறைக்குளத்தில் மனை வாங்கி வந்தவள். அவளைப் போன்றவர்களுக்கு அந்தத் தெருவில் வீடும் இல்லை குழாயும் இல்லை, அடுத்தவர் குழாயில் கெஞ்சிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கல் உடைத்த பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும் கல்குழித் தண்ணீர்தான்.

"மேடம், எங்க வீட்டுக் குழாயைத் திறந்தா காத்துதான் வருது. எம் மவ மஞ்சக்காமாலையில படுத்திருக்கா. நீங்க மதுரையில இருந்து ஒரு பட்டனைத் தட்டினா ஆவாதா?"

"இங்கிருந்து முடியாதுக்கா. அங்கதான் யாராவது அழுத்தணும்."

"அந்தச் சந்தனமாரி அழுத்த மாட்டேங்காளே!"

சந்தனமாரி நீரேற்று நிலையத்து ஆபரேட்டர். கோமதியும் அவளிடம் போனில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள். "சரி தாயி, பாக்கேன் தாயி" என்று ஒவ்வொரு தடவையும் அன்பாகச் சொல்லி வைத்துவிடுவாள், அழுத்த மாட்டாள். கடைசியில் ஹரிகுமார், பழைய சர்வரை இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறோம், நீயே போய் அழுத்திவிட்டு வா என்று கோமதியைப் பஸ் ஏற்றிவிட்டார். ஒரு பொத்தானை அழுத்த மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஒரே பொறியாளர் தான்தான் என்று வழியெல்லாம் கருவிக்கொண்டே போனாள்.

நீரேற்று நிலையம் ஊருக்கு மேற்கே அணைக்கட்டு ஓரத்தில் தனியாக இருந்தது. சந்தனமாரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. கோமதியைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காப்பி வாங்கி வரச் சொன்னாள், ஆனால் கம்ப்யூட்டருக்கும் கோமதிக்கும் நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஒரே ஒரு அழுத்து. எல்லாம் அப்படியே இருக்கும். எதுவும் அழியாது."

"அழியும் தாயி."

"நான் எழுதினதுக்கா இது. எனக்குத் தெரியாதா?"

"கம்மாக்கரைத் தெரு அதுல இருக்குமா?"

காப்பி வந்தது. கோமதி குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலைத் தாண்டியதும் கேட்டை ஓர் உதை உதைத்தாள்.

மறுநாள் தண்ணீர் நாள். ரஹ்மத்நிஷா தன் ஸ்கூட்டரில் கோமதியைப் புறவழிச்சாலைக்குக் கூட்டிப்போனாள். தார் கசிந்தது, குழாய் முளைத்தது, தெரு வந்தது. தான் பட்டியலிலிருந்து நீக்கிய ஒரு பெயர் சுவரும் வாசலும் கோலமுமாகத் தன் முன்னால் நிற்பதைக் கண்டு கோமதிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பழைய பதிப்பு என்றால் இதுதான், எத்தனை தரம் சொன்னேன் என்று யாரிடமாவது காட்டிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. ரஹ்மத்நிஷா ஒரு குழாயில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி, எங்களுக்குப் பிடிச்சு முடியட்டும் என்றாள்.

அப்போது நாலாவது வீட்டிலிருந்து நீலக் கைலி கட்டிய ஒருவர் இரண்டு குடத்தோடு வந்தார். மற்றவர்கள் எல்லோரும் சாலைப் பக்கமிருந்து வந்தவர்கள், இவர் மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கோமதியைப் பார்த்து நின்றார்.

"புதுசா இருக்கியளே, பம்ப் ஹவுஸ் ஆளா? எம் பொண்டாட்டி அங்கதான் வேலை. போனா சொல்லுங்க, குழம்பு வெச்சிட்டேன், நேரத்தோட வந்து சாப்பிடச் சொன்னேன்னு. எப்பப் பார்த்தாலும் டூட்டி டூட்டின்னுக்கிட்டு வீட்டுப்பக்கமே காணும்."

குடம் நிறைந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"பேச்சிமுத்து" என்றாள் ரஹ்மத்நிஷா, குரலைத் தாழ்த்தி. "சந்தனமாரி மாப்பிள்ளை. பாறைக்குளத்துக்கு வந்த முதல் கோடையில கல்குழித் தண்ணியக் குடிச்சு, காமாலை வந்து மவுத்தாயிட்டாரு. அடக்கம் முடிஞ்சு அடுத்த தண்ணிக்கு இங்க வந்து நிக்காரு. அன்னைல இருந்து வாராரு."

தெருவை விட்டுப் போன மற்றவர்கள் எல்லோரும் வேறெங்கோ இருந்தார்கள், அதனால் தெரு அவர்களைக் கொண்டுவரவில்லை. பேச்சிமுத்துவுக்கு வேறு இடம் இல்லாததால் அவரை மட்டும் கொண்டுவந்தது. ஊர் இதையும் பழகிக்கொண்டிருந்தது. அவரிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சௌக்கியமா என்று கேட்பார்கள், அவரும் சௌக்கியம் என்பார்.

யாரோ விசில் ஊதினார். எல்லோரும் ஒதுங்கினார்கள். லாரிகள் உறுமின.

கோமதி நேராக நீரேற்று நிலையத்துக்குப் போனாள். திட்டுவதற்கென்று நிறையச் சேர்த்துவைத்திருந்தாள், ஆனால் வாயில் வந்தது வேறு.

"குழம்பு வெச்சிருக்காராம். நேரத்தோட வரச் சொன்னாரு."

சந்தனமாரி கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "என்ன குழம்பாம்?"

"கேக்கலையே அக்கா."

"கேட்டிருக்கலாம்லா. என்ன உடுத்தியிருந்தாவ?"

"நீலக் கைலி."

"அது கிழிஞ்சுல்லா கெடக்கும்" என்றாள் சந்தனமாரி. யாராவது வந்து சொல்லும் ஒவ்வொன்றையும் இப்படித்தான் அவள் வாங்கி வைத்துக்கொள்வாள் போலும்.

"நீங்க போய்ப் பாக்கிறதில்லையா?"

"எப்படித் தாயி பாக்க? நான் இங்கன உக்காந்தாத்தானே அங்கன தெரு வருது?"

அது உண்மைதான். அதையும் எழுதியது கோமதி. வால்வைத் திறந்துவிட்டு ஆள் தூங்கிப்போய்விடக் கூடாது என்று, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் திரையில் 'இருக்கிறேன்' என்று ஒரு பொத்தான் வரும்படி வைத்திருந்தாள். அழுத்தாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். சந்தனமாரி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தெரு மறைந்துவிடும். வேறு ஆளை உட்கார வைக்கலாம்தான். ஆனால் எவன் கையாவது தவறிப்போய் அந்தப் பாழாய்ப்போன வட்ட அம்பில் பட்டுவிட்டால்? அதனால் அவள் யாரையும் தொடவிட்டதில்லை. காய்ச்சலிலும் வந்தாள், மகள் கல்யாணத்தன்றும் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாள். அவர் அங்கே இருக்க வேண்டுமென்பதற்காக இவள் இங்கே இருந்தாள், இவள் இங்கே இருப்பதால் அவரைப் பார்க்க முடியாமலேயே இருந்தாள்.

"ரஹ்மத் அக்கா மகளுக்குக் காமாலை" என்றாள் கோமதி.

"தெரியும்." சந்தனமாரி மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அந்தத் தண்ணி என்ன செய்யும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? வாரா, கேட்ல நின்னு ஏசுதா. ஏசட்டும்னு இருக்கேன். ராத்திரி ஒறக்கம் வரல. விடிஞ்சா மறுபடியும் அந்தத் தெருப் பேரத்தான் தொடுதேன். கை அங்கனதான் போவுது, நான் என்ன செய்ய?"

கோமதிக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. கடைசியில், "அடுத்த தண்ணிக்கு நான் உக்காருறேன். நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

"நீங்களா? இதை அழுத்தணும்னே வந்தவிய நீங்க."

"ஆமா. அழுத்தணும்னு கை துடிக்குது, பொய் சொல்லல. ஆனா நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அழுத்த மாட்டேன்."

"வந்த பொறவு?"

"வந்த பிறகு அழுத்தித்தான் ஆகணும் அக்கா. நான் அழுத்தலன்னாலும் மாசக் கடைசியில அவங்க நிறுத்திடுவாங்க."

அடுத்த தண்ணீர் நாளன்று கோமதி போனபோது சந்தனமாரி காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ரஹ்மத்நிஷாவின் ஸ்கூட்டர் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஏறு" என்றாள் ரஹ்மத்நிஷா.

கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் எழுதிய முதல் பக்கம், தேதி மாறாமல், மூலையில் தான் விட்ட எழுத்துப்பிழையோடு அப்படியே இருந்தது. ஸ்கூட்டர் போய்ச் சேர்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, கம்மாக்கரைத் தெருவை அழுத்தினாள். 'இருக்கிறேன்' வந்தது, அழுத்தினாள். மறுபடி வந்தது, மறுபடி அழுத்தினாள். ஹரிகுமார் போன் செய்தார்.

"ஆள் இல்லையா? நீ தனியாவா இருக்கே? அழுத்து கோமதி! இதைவிட நல்ல நேரம் வருமா?"

"அவங்க வரட்டும் சார்."

"பைத்தியமா உனக்கு? ஒரு கீ. ஒரே ஒரு கீ."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். 'இருக்கிறேன்' வந்தது. வழக்கமாக அந்தத் தெருவுக்கு விடுகிற நேரம் கடந்தது. வடக்குத்தெருவில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று நிலையத்துப் போன் அடித்தது. சந்தைத்தெரு அடித்தது. நகராட்சியிலிருந்து ஒருவர், லாரி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நிக்குது, என்னம்மா செய்யுத அங்க, என்றார். கோமதி எல்லோரிடமும், இதோ, இதோ, என்றாள். திரும்பி வருகிறேன் என்று போனவள் வரவேயில்லை. நிலையத்துத் தொட்டியில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இவளை நம்பினேனே என்று ஆத்திரம் வந்தது, வட்ட அம்பின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள், எடுத்தாள், 'இருக்கிறேன்' வந்தது, சனியனே இருக்கிறேன் இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது தொட்டியில் அடித்தண்ணீர்தான் இருந்தது. சந்தனமாரி உள்ளே வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகம் கோபத்தில் சிவந்திருந்தது. ரஹ்மத்நிஷா உள்ளே வராமல், பாறைக்குளத்துக்குப் போய் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன். பூராச் சண்டை."

"சண்டையா?"

"இத்தன நாளு எங்கட்டி போனன்னு ஆரம்பிச்சாவ. டூட்டின்னேன். டூட்டியக் கட்டிக்கிட்டு அழுன்னாவ. நான் ஒமக்காகத்தான்யா அங்கன உக்காந்திருக்கேன்னேன், யாரு உக்காரச் சொன்னான்னு கேக்காவ. நீரு செத்துப்போயிட்டீருன்னேன். கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு, மொதல்ல குடத்த நேரா வையி, தண்ணி வழியுதுன்னாவ. கையப் புடிச்சு இழுத்தேன் தாயி. பிள்ளையார் முக்கு வரைக்கும் வந்தாவ. அதத் தாண்ட மாட்டேன்னுட்டாவ. அடுப்புல குழம்பு கெடக்குன்னுட்டுத் திரும்பிப் போயிட்டாவ. நான் சொல்ல வந்த எதையும் சொல்லவே விடல. பாதிச் சண்டையில போறவரு மனுசனா?"

அவள் மூச்சு வாங்கினாள். திரையில் 'இருக்கிறேன்' வந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எங்கன அழுத்தணும்?"

கோமதி வட்ட அம்பைக் காட்டினாள். சந்தனமாரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். பக்கம் வெளுத்தது. வெளுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது, பழைய கம்ப்யூட்டர் அல்லவா. பிறகு தெருப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கானா வரிசையில் கம்மாக்கரைத் தெரு இல்லை. பானா வரிசையில் பாறைக்குளம் இருந்தது. தொட்டி மறுபடி ஏறட்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டு, அவள் பாறைக்குளத்தை அழுத்தினாள்.

கோமதியின் போன் அடித்தது. ரஹ்மத்நிஷா. பின்னால் குழாய் சீறுகிற சத்தமும் பெண்கள் கூச்சலும் கேட்டன. "வருது மேடம்! செம்மண்ணா வருது, ஆனா வருது! எல்லா வீட்டுலயும் திறந்து விட்டிருக்காவ!"

சந்தனமாரி போனைப் பிடுங்கினாள்.

"எல்லா வீட்டுலயும் ஏன் திறந்து விட்டிருக்கிய? தண்ணின்னா அவ்வளவு இளப்பமாப் போச்சா? மொதத் தண்ணிய யாரும் குடிக்கப்பிடாது, தெளிஞ்ச பொறவு புடிங்க, கொதிக்க வைங்க, புள்ளையளுக்குப் பச்சத்தண்ணி குடுக்கப்பிடாது, சொன்னாக் கேக்கணும். ஒரு மனுசி இங்கன உக்காந்து சாவுதா, அவ தின்னாளா ஒறங்குனாளான்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது, குடம் வழியுதுன்னு மட்டும் கண்ணு தெரியும், அடுப்பத் தூக்கிக் கம்மாயில போடு, குழம்பா பெருசு? நான் சொல்லுதத ஒரு நாளாவது நின்னு கேட்டீரா? ஒரு நாளாவது கேட்டீரா வே?"

அவள் ஏசிக்கொண்டே போனாள். மறுமுனையில் கூச்சல் அடங்கிவிட்டது. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ரஹ்மத்நிஷா போனை வைக்கவில்லை.